'எனக்குப் பங்கு வைக்கலை': கரிசல் பேச்சிலும் புனைகதையிலும் பங்கீட்டு வினைகள்

ஆய்வுச்சுருக்கம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலப்பகுதியின் அன்றாடப் பேச்சில், ஒன்றைப் பலருக்குப் பிரித்தளிப்பதைக் குறிக்கும் வினைகளுள் 'பங்கு வை', 'கூறு போடு' என்னும் இரண்டும் முதன்மையானவை. எழுத்துத் தமிழில் இவை இரண்டும் 'பகிர்' என்னும் ஒற்றைச் சொல்லால் எளிதில் பெயர்க்கப்படுகின்றன. இவ்வினைகள் ஏற்கும் வேற்றுமைகளையும் துணைவினைகளையும் நோக்கினால், 'கூறு போடு' பொருளைப் பகுப்பதையும், 'பங்கு வை' ஒருவரின் உரிமையை ஏற்பதையும் சுட்டுவது புலப்படும். கொடைக்கும் உரிமைக்கும் இடையிலான இவ்வேறுபாடே கரிசல் எழுத்தாளர்களின் புனைகதைகள் சிலவற்றின் மையச் சிக்கலாகவும் அமைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பங்கு, கூறு, பாதீடு, நான்காம் வேற்றுமை, கரிசல் வழக்கு, கு. அழகிரிசாமி, பூமணி, வட்டார அகராதியியல்.

முன்னுரை

ஒன்றைக் கேட்கும் சொல்லில் கேட்பவரின் நிலை அடங்கியிருப்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களையும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோரின் கூற்றாக வகுக்கிறது. கேட்கப்படும் பொருளும் பெறும் செயலும் ஒன்றாகவே இருப்பினும், எவர் எவரிடம் கேட்கிறார் என்பது வினையை மாற்றிவிடுகிறது.

கேட்டல், கொடுத்தல் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளது பங்கிடுதல். ஒருவர் மற்றொருவருக்கு அளிப்பது கொடை. பலருக்கும் சேரவேண்டிய ஒன்றை அவரவர்க்குப் பிரித்தளிப்பது பங்கீடு. இவ்வேறுபாட்டையும் தொல்காப்பியம் அறிந்திருந்தது. வெட்சித்திணையின் துறைகளை எண்ணும்போது பாதீட்டையும் கொடையையும் அது தனித்தனியே வைக்கிறது. கவர்ந்து வந்த ஆனிரையை அச்செயலில் உடனின்றோர்க்குப் பகுத்தளிப்பது பாதீடு. நாடி வந்தோர்க்கு மனமுவந்து வழங்குவது கொடை. புறப்பொருள் வெண்பாமாலையும் இவ்விரண்டையும் வேறு வேறு துறைகளாகவே கொள்கிறது. உழைத்தவன் பெறுவது பாதீடு, இரந்தவன் பெறுவது கொடை என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது.

ஆயினும், கேட்கும் வினைகளை வரிசைப்படுத்தியது போலப் பங்கிடும் வினைகளை இலக்கணம் வரிசைப்படுத்தவில்லை. அவ்வரிசை எழுதப்படாத விதியாகப் பேச்சு வழக்கில் இயங்குகிறது. அதனைக் கரிசல் வட்டாரத்தின் அன்றாடத் தொடர்களிலிருந்தும், அவ்வட்டாரம் ஈன்ற எழுத்தாளர்களின் புனைகதைகளிலிருந்தும் மீட்டெடுப்பது இங்கு நோக்கம். இவ்வினைகள் கரிசலுக்கு மட்டுமே உரியவை அல்ல. தென்மாவட்டங்கள் முழுதும் வழங்குபவை. எனினும் வானம் பார்த்த வேளாண்மையும், நெருங்கிய உறவுக் குடியிருப்பும், ஆழமான புனைகதை மரபும் ஒருங்கே அமைந்த நிலம் என்பதால், இவ்வினைகளின் பொருள்நுட்பம் இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

நிலமும் பங்கிடும் வகைகளும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்த புதூர் ஒன்றியமும் அதனை அடுத்த விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளும் பெரும்பாலும் மானாவாரி நிலங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளைகின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் பங்கிட எதுவும் இராது. மழை பெய்த ஆண்டில் களத்துக்கு வரும் விளைச்சலை எதிர்பார்த்துப் பலர் நிற்பர். நிலத்துக்குரியவர், வாரத்துக்கு உழுதவர், அறுத்தவர், ஊர்த்தொழில் செய்பவர், கோயில் எனப் பலரது பெயரும் அக்குவியலின் மேல் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கும்.

இந்நிலத்தில் பங்கிடுதல் ஒரே செயலாக நிகழ்வதில்லை. பிரிக்கப்படும் பொருளின் இயல்புக்கேற்ப வினையும் மாறுகிறது. தானியத்தை 'அளப்பர்'. முதல் அளவை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று எண்ணித் தொடங்குவது களத்து மரபு. கறி, மீன், காய்கறி போன்ற, தரையில் பரப்பத்தக்க பொருள்களைக் 'கூறு போடுவர்'. நிலம், வீடு, கிணறு, நகை ஆகிய உடைமைகளையும், வீட்டுக்குள் உண்ணும் பொருளையும் 'பங்கு வைப்பர்'. வெட்டவும் அளக்கவும் இயலாத ஒன்றை 'முறை வைப்பர்'. கண்மாய்த் தண்ணீர், கோயில் காரியம், கிணற்றில் இறைப்பு ஆகியவை முறையால் பங்கிடப்படுபவை. பலருடைய ஆடுகளை ஒருங்கே அடைக்கும் கிடையில், எருவின் பயன் எந்நிலத்துக்கு எந்த இரவு என்பதும் முறையே. சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடிக் கண்மாயையும் அதன் நீர்ப்பாய்ச்சியையும் மையமாகக் கொண்டது. நீரைப் பங்கிடும் ஒருவனின் கையில் ஊரின் நீதி எவ்வாறு தங்கியிருந்தது என்பதை அந்நாவல் விரித்துரைக்கிறது. நீருக்குக் கூறு இல்லை, முறை மட்டுமே உண்டு என்னும் அறிவு அந்நீதியின் அடிப்படை.

'முறை வை' என்னும் வினையின் எல்லை நீரோடு முடிவதில்லை. வயது முதிர்ந்த பெற்றோரை மாதத்துக்கு ஒரு மகன் வீட்டில் இருத்துவதையும் 'முறை வச்சுச் சோறு போடுறாங்க' என்றே சொல்வர். தந்தை ஒரு மகனிடமும் தாய் மற்றொரு மகனிடமும் பிரித்து வைக்கப்படும்போது, அதே ஊர்ப்பேச்சு 'அப்பனையும் ஆத்தாளையும் பங்கு வச்சுட்டாங்க' என்று சொல்லும். இரண்டாவது தொடரில் ஒலிக்கும் கண்டனம் முதல் தொடரில் இல்லை. உடைமைக்குரிய வினை மனிதருக்குப் பயன்படுத்தப்படும்போது, வினைச்சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது.

'கூறு போடு', 'பங்கு வை': தொடரமைப்பு

இவ்விரு வினைகளும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவன போலத் தோன்றும். பின்வரும் தொடர்கள் அவற்றின் வேறுபாட்டைக் காட்டும்.

தொடர் 1: 'கறிய ஏழு கூறாப் போடு.'
தொடர் 2: 'ஆளுக்கு ஒரு கூறு எடுத்துக்கோங்க.'
தொடர் 3: 'அவனுக்கும் ஒரு பங்கு வை.'
தொடர் 4: 'வராத பிள்ளைக்கு ஒரு பங்கு எடுத்து வை.'
தொடர் 5: 'எனக்குப் பங்கு வைக்கலை.'

முதல் தொடரில் 'கூறு போடு' இரண்டாம் வேற்றுமையையும் ஓர் எண்ணையும் வேண்டி நிற்கிறது. எதை, எத்தனையாக என்பனவே அதன் வினாக்கள். யாருக்கு என்பது அதற்கு இன்றியமையாத வினா அன்று. இரண்டாம் தொடரில் 'ஆளுக்கு' என நான்காம் வேற்றுமை வருகின்றதே எனலாம். ஆனால் அச்சொல் தலையை எண்ணுகிறதேயன்றி எவரையும் பெயர் சுட்டவில்லை. பங்குக்கறி போடுமிடத்தில் இதன் செயல்முறையைக் காணலாம். சில குடும்பங்கள் பணம் சேர்த்து வாங்கிய ஆட்டை வெட்டி, ஓலையிலோ இலையிலோ குவியல்களாகப் பரப்புவர். ஒவ்வொரு குவியலிலும் ஈரலும் எலும்பும் கொழுப்பும் சதையும் ஒத்திருக்குமாறு இங்கிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கு வைத்துச் சரிசெய்வர். எந்தக் குவியல் எவருக்கு என்பது கடைசிவரை முடிவாகாதிருப்பதே அதன் நேர்மை. கூறு போடும் கைக்கு முகம் தெரியக்கூடாது.

'பங்கு வை' இதற்கு நேர்மாறானது. மூன்றாம் தொடரில் பொருளே சொல்லப்படவில்லை; கொள்வோன் மட்டும் சொல்லப்படுகிறான். இவ்வினைக்கு இன்றியமையாதது நான்காம் வேற்றுமை. நான்காம் தொடர் இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. அங்கு இல்லாத ஒருவருக்கும் பங்கு வைக்க முடியும். அவர் வந்து கேட்பதற்கு முன்பே அவரது உரிமை ஏற்கப்படுகிறது. வராத பிள்ளைக்குக் 'கூறு போடு' என்று எவரும் சொல்வதில்லை. ஐந்தாம் தொடர் இவ்வினையின் எதிர்மறை. 'எனக்குக் கறி கிடைக்கலை' என்பது பொருள் இழப்பைச் சொல்கிறது. 'எனக்குப் பங்கு வைக்கலை' என்பது, கொள்வோர் வரிசையில் தன்னை எண்ணாமல் விட்டதைச் சொல்கிறது. ஒரு பனங்கிழங்குக்காகக் குழந்தை அழும்போதும், இரு தலைமுறை கழித்து வழக்காடும்போதும் எழுவது இதே தொடர்தான்.

'கூறு' என்னும் பெயர்ச்சொல்லின் பிற வழக்குகளும் இங்கு எண்ணத்தக்கவை. தெருவில் காய்கறி விற்பவர் 'கூறு பத்து ரூபாய்' என்பார். அரசியல் மேடையிலோ 'நாட்டைக் கூறு போடுகிறார்கள்' என்பது அழிவைச் சுட்டும் குற்றச்சாட்டு. தென்மாவட்டப் பேச்சில் 'கூறு கெட்டவன்', 'கூறு இல்லாதவன்' என்பன விவரம் அறியாதவனைக் குறிக்கும் வசைகள். பகுதியைக் குறிக்கும் 'கூறு'வும் அறிவைக் குறிக்கும் 'கூறு'வும் ஒரே வேரின என்று வரலாற்று மொழியியல் சான்றின்றி முடிவு செய்வதற்கில்லை. ஆனால் பேசுவோர் செவியில் அவை ஒன்றாகவே ஒலிக்கின்றன. எதை எதனோடு சேர்ப்பது, எதை எதிலிருந்து பிரிப்பது என்று அறிபவனே கூறு உள்ளவன்.

நான்காம் வேற்றுமை: கொடையா, முறையா?

'பங்கு வை' என்னும் வினையின் பொருள்மையம் நான்காம் வேற்றுமையில் உள்ளதெனின், அவ்வேற்றுமையின் பொருளை வரையறுத்தல் இன்றியமையாதது. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குத் தரும் பொருள்களுள் கொடையும் முறையும் உள்ளன. இரவலனுக்குப் பொன் கொடுத்தலில் வரும் 'கு' கொடைப்பொருளது. ஒருவருக்கு ஒருவர் மகன் என்பதில் வரும் 'கு' முறைப்பொருளது. முன்னது ஒரு செயலால் உண்டாகும் தொடர்பு. பின்னது செயலுக்கு முன்பே உள்ள தொடர்பு.

'எனக்குப் பங்கு வை' என்பதில் வரும் 'கு' எப்பொருளது? உருபு இரண்டுக்கும் ஒன்றாதலின் சொல்லளவில் இதற்கு விடை இல்லை. பங்கு வைப்பவர் அதைக் கொடையாகக் கருதலாம். பெறுபவர் முறையாகக் கருதலாம். இருவரும் ஒரே தொடரைப் பேசிக்கொண்டே வெவ்வேறு இலக்கணத்தில் நிற்க முடியும். பாகப்பிரிவினைச் சண்டைகளில் பெரும்பாலும் அளவைக் காட்டிலும் இந்த 'கு'வின் பொருளே வழக்காகிறது. 'போனாப் போகுதுன்னு உனக்கும் ஒரு பங்கு வச்சேன்' என்ற ஒரு சொல், அளவில் சரியாக வைத்த பங்கையும் கொடையாக்கிவிடுகிறது. பெற்றவர் அதைத் திருப்பித் தர எழுவதும் உண்டு.

துணைவினைகளும் இப்பொருளை நிறுவ உதவுகின்றன. 'வை' என்பது ஒன்றை ஓரிடத்தில் நிறுத்திக் காக்கும் வினை. 'போடு' மேலிருந்து கீழ் விழச் செய்யும் வினை. 'பிச்சை போடு' என்போம், 'பிச்சை வை' என்பதில்லை. 'பங்கு போடு' என்னும் வடிவமும் வழக்கில் உண்டெனினும், ஒருவரைக் குறித்துச் சொல்லும்போது 'அவனுக்குப் பங்கு வை' என்பதே இயல்பாக வருகிறது. 'சோறு போடு' என்பதில் இழிவு இல்லை. விருந்தோம்பலுக்கும் அதுவே வினை. ஆனால் 'நான் போட்ட சோறு' என்று சொல்லிக்காட்ட முடிவது போல 'நான் வச்ச பங்கு' என்று சொல்லிக்காட்டுவது எளிதன்று. தன்னுடையதைத்தான் சொல்லிக்காட்ட முடியும். பங்கு, வைப்பவருடையது அன்று.

அரசின் வழங்கலும் இப்பேச்சில் 'போடு' என்னும் வினையையே பெறுகிறது. 'ரேஷன்ல சீனி போட்டாச்சா?' என்பது நாள்தோறும் கேட்கும் வினா. தமிழ்நாட்டில் பொது விநியோகம் அனைவருக்குமானது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தானியத்தை உரிமையாக வரையறுத்தது. சட்டம் உரிமை என்றாலும், பேச்சு இன்னும் 'பங்கு' என்று சொல்லவில்லை. வரிசையில் நிற்பவர் கடைக்காரர் போடுவதைப் பெறுபவராகவே தம்மை வாக்கியத்தில் வைத்துக்கொள்கிறார். இலங்கைத் தமிழில் குடும்ப அட்டையைப் 'பங்கீட்டு அட்டை' என்றும், அரசின் வரவுசெலவுத் திட்டத்தைப் 'பாதீடு' என்றும் வழங்குவது இதனோடு ஒப்பிடத்தக்கது. வெட்சித்திணைத் துறையொன்றின் பெயர் நவீன அரசின் நிதிப் பகிர்வுக்குப் பெயராகியிருப்பது தற்செயலான பொருத்தமாயினும், கொடையன்று, பங்கு என்னும் கருத்தை அச்சொல் காத்துநிற்கிறது.

பங்காளியும் வாக்கியத்தில் இடமில்லாதவளும்

உறவுமுறைச் சொற்களுள் 'பங்காளி' தனித்தன்மை உடையது. மாமன், மச்சான், சித்தப்பன் என்பன பிறப்பாலும் மணத்தாலும் அமையும் பெயர்கள். பங்காளி என்பதோ உடைமையில் பங்குள்ளவன் எனப் பொருள்தரும் பெயர். தந்தைவழி ஆண்களை இச்சொல் குறிக்கிறது. 'பங்காளிச் சண்டை' என்னும் தொடர் வழக்கூன்றியிருப்பதும் இதனாலேயே. இச்சொல்லுக்குப் பேச்சு வழக்கில் பெண்பால் இல்லை.

பின்வரும் தொடர் இவ்வின்மையின் இலக்கணத்தைக் காட்டும்.

தொடர் 6: 'அண்ணந்தம்பி மூணு பேரும் நெலத்தப் பங்கு வச்சுக்கிட்டாங்க.'

இங்குக் 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்ததும் நான்காம் வேற்றுமை மறைந்துவிடுகிறது. வைப்போரும் கொள்வோரும் ஒருவரே ஆதலின் 'யாருக்கு' என்னும் வினாவுக்கு இடமில்லை. உடன்பிறந்த பெண்ணுக்குப் பங்கு மறுக்கப்பட்டதை இத்தொடர் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவள் நிற்பதற்கு அதில் ஒரு வேற்றுமையே இல்லை. அவளைப் பற்றிக் கேட்டால் விடையாக வருவது வேறொரு தொடர்: 'அவளுக்குச் சீரு செஞ்சாச்சு.' இதில் 'கு' மீண்டும் வருகிறது, கொடைப்பொருளில். அண்ணன் தம்பியர்க்கு முறையால் வருவது அக்கா தங்கையர்க்குக் கொடையால் வருகிறது. கொடைக்குக் கணக்கு முடிவு உண்டு; 'செஞ்சாச்சு' என்னும் முற்று அதையே சொல்கிறது.

1989ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற அவ்வேறுபாட்டை நீக்கியது. 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இவ்வுரிமை பிறப்பால் வருவது என்று தெளிவுபடுத்தியது. இவற்றின் வழியாகச் சட்டம் செய்தது, கொடையின் 'கு'வை முறையின் 'கு'வாக மாற்றியதே. ஆயினும் பங்கு கேட்கும் தங்கையைக் குறித்து 'பங்கு கேட்டு வந்துட்டா' என்னும் தொடர் பழியாகவே ஒலிக்கிறது. 'பங்கு கேள்' என்பதற்குத் தம்பி எழுவாயானால் அது இயல்பு. தங்கை எழுவாயானால் அது செய்தி.

இதன் மறுபக்கம் அடுக்களையில் உள்ளது. நிலத்தைப் பங்கு வைப்பவர் ஆண்களாக இருக்க, சோற்றையும் குழம்பையும் பலகாரத்தையும் பங்கு வைப்பவள் பெண். ஆனால் 'எல்லாருக்கும் பங்கு வச்சாச்சு' என்று அவள் சொல்லும்போது அந்த 'எல்லாரும்' என்பதில் அவள் பெரும்பாலும் அடங்குவதில்லை. நிலத்தில் வைப்போரும் கொள்வோரும் ஒருவராக இருந்த வினை, அடுக்களையில் வைப்பவளைக் கொள்வோர் வரிசையிலிருந்து நீக்கிவிடுகிறது.

புனைகதையில் பங்கின் சிக்கல்

கரிசல் இலக்கியத்தை வட்டாரச் சொற்களின் களஞ்சியமாகக் காணும் வாசிப்பே ஆய்வுலகில் மிகுதி. அவ்வாறு காண்கையில் கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி ஓரமாக நின்றுவிடுகிறார். அதே ஊரினரான கி. ராஜநாராயணனைப் போல வட்டார வழக்கை எடுத்துரைப்பின் மொழியாகவே அவர் கொள்ளவில்லை. அவரது நடை பொதுத்தமிழை ஒட்டியது. ஆயினும் பங்கின் இலக்கணத்தை அவரளவு நுட்பமாகக் கதையாக்கியவர் அரியர்.

'அன்பளிப்பு' நகரத்துக் கதை. குழந்தைகளிடம் பேரன்பு கொண்ட ஒருவர் அவர்களுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து தருகிறார். ஒரு முறை டைரிகள் சில குழந்தைகளுக்கு மட்டும் சேர்கின்றன. சாரங்கன் என்னும் சிறுவன் அவ்வரிசையில் இல்லை. பின்னர் அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்து, தானே வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, அதைத் தனக்கு அளித்த அன்பளிப்பாக எழுதித்தருமாறு வேண்டுகிறான். இக்கதையைக் குழந்தை மனத்தின் ஏக்கத்தைச் சொல்வதாக வாசிப்பது வழக்கம். அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் போதுமானதன்று. சாரங்கனிடம் டைரி இருக்கிறது. அவனுக்கு வேண்டியது பொருள் அன்று, நான்காம் வேற்றுமை. 'சாரங்கனுக்கு' என்னும் ஒரு சொல் அவர் கையால் எழுதப்பட வேண்டும். கொடுப்பவர் கொடை என்று எண்ணியதை அச்சிறுவன் பங்கு என்று எண்ணியிருந்தான். கொடையில் ஒருவரை விட்டுவிடுவது குற்றமாகாது. பங்கில் விட்டுவிடுவது அவரை இல்லை என்று சொல்வது. தான் அனைவரிடமும் ஒரேபோல அன்புடையவன் என்று நம்பிய பெரியவரை அக்கதை இந்த இடத்தில் நிறுத்துகிறது. 'எனக்குப் பங்கு வைக்கலை' என்று அழத் தெரியாத குழந்தை தன் பங்கைத் தானே செய்துகொள்ளும் கதை அது. அத்தலைப்பைக் கொண்ட தொகுப்பு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை அழகிரிசாமியின் மறைவுக்குப் பின் பெற்றது.

'ராஜா வந்திருக்கிறார்' இதன் மறுதலை. தீபாவளிக்கு முந்திய இரவில் தாயம்மாளின் ஏழைக் குடிலுக்கு ஆதரவற்ற சிறுவன் ஒருவன் வந்துசேர்கிறான். அவ்வீட்டில் ஒவ்வொரு துணிக்கும் கொள்வோன் முன்பே முடிவாகியிருக்கிறான்; குழந்தைகளுக்கு இன்னது, தந்தைக்கு ஒரு துண்டு. கூறு போட்டு முடிந்த வீட்டில் கூடுதலாக ஒருவன். இங்குத் தாயின் இரக்கம் மட்டும் கதையாகவில்லை. தந்தைக்குரிய துண்டை அவனுக்குத் தரலாம் என்னும் சொல் மகள் மங்கம்மாளிடமிருந்து வருவதே கதையின் திருப்பம். தந்தையின் பங்கை மாற்றும் உரிமை குழந்தைக்கு இல்லை. ஆனால் அச்சிறுவனைத் தன் வீட்டுக் கொள்வோர் வரிசையில் முதலில் எண்ணியவள் அவளே. மறுநாள், ஜமீன் மருமகனாகிய 'ராஜா' தன் வீட்டுக்கு வந்திருப்பதாகப் பெருமைபேசும் பணக்காரச் சிறுவனுக்கு, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக அவள் விடையளிக்கிறாள். அச்சிறுவனின் பெயர் ராஜா என்பதால் மட்டும் அவ்விடை பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்த மருமகனுக்குச் செய்வது முறை; தெருவில் நின்றவனுக்குச் செய்வது கொடை என்பதே உலக வழக்கு. அந்தக் கொடையை மங்கம்மாளின் ஒரு சொல் முறையாக்கிவிடுகிறது.

கொடை முறையாவதை அழகிரிசாமி காட்டினாரெனின், முறை கொடையாக்கப்படுவதைப் பூமணியின் புனைவுலகில் காணலாம். 'பிறகு' (1979) தோல்தொழிலாளியான அழகிரியின் வாழ்வின் வழியாக, நாடு விடுதலை பெற்ற பின்னரான பத்தாண்டுகளைக் கரிசல் கிராமம் ஒன்றில் வைத்துச் சொல்கிறது. கமலை இறைப்புக்கும் உழவுக்கும் தோல்வேலை இன்றியமையாதது. அதற்கு ஈடாகக் களத்துத் தானியத்தில் ஊர்த்தொழிலாளிக்கு வருவது வழக்காறு. இத்தகைய களத்துப் பங்குக்குப் பழைய ஆவணங்களில் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'சுதந்திரம்'. பரம்பரைப் பணிக்குரிய உரிமைப்பேறு என்பது அதன் பொருள். உரிமை என்று பெயர்பெற்ற அதுவே, பெறுபவர் களத்தின் ஓரத்தில் காத்து நின்று, கை ஏந்தி, கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. அளவால் அது பங்கு. பெறும் முறையால் அது கொடை. ஒரே சொல் களத்து மேட்டில் கையேந்தலையும் நாட்டளவில் விடுதலையையும் குறித்த காலத்தில் நிகழ்கிறது இந்நாவல். உழைத்தவனுக்குச் சேரும் பாதீடும் இரப்பவனுக்கு வழங்கும் கொடையும் தொல்காப்பியத்தில் இரு துறைகள். சாதி அவ்விரண்டையும் ஒன்றாக்கிற்று. 'பிறகு' என்னும் தலைப்பு அவை மீண்டும் பிரிவது எப்போது என்னும் வினாவாகவும் வாசிக்கத்தக்கது.

'பகிர்' என்னும் பொதுச்சொல்

'பகு' என்னும் வினையோடு உறவுடைய 'பகிர்' பழைய தமிழ்ச்சொல். இலக்கியச் சான்றுகள் பல உடையது. அதன் இன்றைய நிலையே இங்குச் சிக்கல். கருத்தை, கவலையை, நிழற்படத்தை, இணைப்பை, அனுபவத்தைப் பகிர்கிறோம். இவற்றுள் எதுவும் பகிர்வதால் குறைவதில்லை. படத்தைப் பகிர்ந்தவரிடம் படம் அப்படியே இருக்கிறது. இவ்வழக்கில் பெரிதும் வருவது 'பகிர்ந்துகொள்' என்னும் வடிவம். அது ஏற்பது 'உடன்', 'இடம்' ஆகியவற்றையேயன்றி நான்காம் வேற்றுமையை அன்று. தொடர் 6இல் கண்டது போலவே, 'கொள்' சேர்ந்ததும் உரிமைகோருபவர் வாக்கியத்திலிருந்து நீங்கிவிடுகிறார். 'எனக்குப் பகிரவில்லை' என்பது ஓர் இணைப்பு வந்துசேராததைக் குறிக்கலாம். உரிமை மறுப்பைக் குறிக்காது.

கரிசல் கதைகளுக்குப் பாடக்குறிப்பு எழுதுவோரும் அவற்றைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்வோரும் 'பங்கு வை' என்பதைப் 'பகிர்ந்து கொடு' என்று விளக்கும்போது இழக்கப்படுவது வட்டாரச் சுவை மட்டுமன்று. உரிமை என்னும் பொருள்கூறு முற்றிலும் உதிர்ந்து, அன்பு என்னும் பொருள்கூறு மட்டும் எஞ்சுகிறது. 'அன்பளிப்பு' கதையைக் குழந்தை ஏக்கத்தின் கதையாகவும், 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஏழையின் இரக்கத்தின் கதையாகவும் மட்டும் வாசிக்கும் பழக்கம் இச்சொல்மாற்றத்தோடு ஒத்துச் செல்வது.

அகராதியியலுக்கும் இதில் பணி உண்டு. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, வட்டார அகராதித் துறைக்கு வழிகாட்டிய முன்னோடி முயற்சி. அதன் வழிவந்த தொகுப்புகள் பொதுத்தமிழில் இல்லாத அரிய சொற்களைத் திரட்டுவதில் கருத்துச் செலுத்தின. அது அன்றைய தேவை. 'பங்கு', 'வை', 'கூறு', 'போடு' ஆகியவை தனித்தனியே எவரும் அறிந்த சொற்கள். அறிந்த சொற்கள் இணைந்து அறியப்படாத பொருளைத் தரும் இடங்களே இனித் தொகுக்கப்படவேண்டியவை. அத்தகைய பதிவுக்குப் பொருள் விளக்கம் மட்டும் போதாது. எவ்வேற்றுமை ஏற்கும், எதிர்மறையில் என்ன பொருள் தரும், எவர் எழுவாயாக வர இயலும், எத்துணைவினை சேர்ந்தால் எவர் மறைவர் என்னும் தொடர்ச்சட்டகமும் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

கரிசல் பேச்சில் 'கூறு போடு' பொருளை நோக்கியும், 'பங்கு வை' கொள்வோரை நோக்கியும், 'முறை வை' காலத்தை நோக்கியும் இயங்குகின்றன. 'பங்கு வை' என்பதில் வரும் நான்காம் வேற்றுமை கொடைக்கும் முறைக்கும் இடையே நிற்பது. அதனை எப்பொருளில் கொள்வது என்பதே உடன்பிறந்தோர், ஆண் பெண், உழைப்போர் உடையோர் ஆகியோரிடையே நிகழும் வழக்கின் மொழிவடிவம். அழகிரிசாமியின் இரு கதைகளும் பூமணியின் நாவலும் இவ்வழக்கை வெவ்வேறு முனைகளிலிருந்து எடுத்துரைக்கின்றன. 'பகிர்' என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாடுகளை மறைக்கிறது.

இவ்வாய்வை விரிக்க இரு திசைகள் உள்ளன. தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழும் இவ்வட்டாரத்தில், இருமொழியாளர் வீட்டிலும் களத்திலும் எவ்வினைகளைக் கையாள்கின்றனர் என்பது ஒன்று. பாகப்பிரிவினை ஆவணங்களின் எழுத்துமொழி, பேச்சின் 'பங்கு வை' என்பதை எவ்வாறு மாற்றி எழுதுகிறது என்பது மற்றொன்று. மகளுக்குப் பங்கு எழுதப்படும் பத்திரங்களிலும், மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களிலும் அந்த 'கு' எவ்விடத்தில் வருகிறது என்பதை நோக்கினால், சட்டம் மாற்றியதை வழக்கு எவ்வளவு ஏற்றுள்ளது என்பது புலனாகும்.